ஒரு விரற்கடை

முசரவாக்கத்தில் காணும் பொங்கலன்று ஏரிக்கரையில் ஓட்டப் பந்தயம் நடக்கும். ஓடுகிறவர்கள் அந்த ஊர் இளவட்டங்களும் சுற்றுவட்டாரத்துப் பையன்களும்தான். ஆனால் முடிவுக் கோட்டின் பக்கத்தில் நின்று, யார் முதலில் வந்தது என்று சொல்கிறவர் மட்டும் காஞ்சிபுரத்திலிருந்து வருவார். எழுபதாம் வருஷம் தொடங்கி அப்படித்தான். அன்றைக்கு விடிந்ததும் ஒரு மாட்டு வண்டி டவுனுக்குப் புறப்படும். ஓட்டிக்கொண்டு போகிறவன் அர்ஜுனன். நெசவாளர் தெரு ஒன்றில் பாதித் தெருவை அடைத்துக்கொண்டு வண்டி நிற்கும். கலியாணசுந்தரம் திருநீறு பூசி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏறி உட்காருவார்.

"டவுன்லேர்ந்து ஒரு பட்டு நெசவுக்காரரக் கூட்டியாந்து கோட்டாண்ட நிக்க வெக்கறீங்களே, உங்க ஊர்ல கண்ணு தெரிஞ்சவன் ஒருத்தன்கூட இல்லியா?" என்று பக்கத்துக் கிராமமான கூரத்திலிருந்து வந்த ஒருவர் ஒரு வருஷம் கேட்டார்.

"கண்ணு எல்லாருக்கும் தெரியுது," என்றான் அர்ஜுனன். "பாக்காததப் பாக்கலன்னு சொல்றதுக்குத்தான் ஆளு இல்ல."

அந்தப் பேர் கலியாணசுந்தரத்துக்குச் சும்மா வந்துவிடவில்லை. அறுபத்தாறாம் வருஷம் தை மாதம் அவர் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னார். அதிலிருந்து வந்த பேர் அது.

அவர் பந்தய மைதானத்துக்குள் போனதே நூல் வழியாகத்தான். தெருக்கோடியில் குடியிருந்த உமாபதி ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். டவுனில் எந்தப் பந்தயம் நடந்தாலும் விசிலும் விதிப் புத்தகமுமாக அவர்தான் முன்னால் நிற்பார். முடிவுக் கோட்டுக்கு மேலே நெஞ்சுயரத்தில் ஒரு நூல் கட்டுவது வழக்கம். உமாபதி சணல் கயிறு கட்டி, ஓடிவந்த ஒரு பையனின் கழுத்துத் தோல் வழன்றுபோயிற்று. ஏதாவது மெல்லிய நூலாகக் கொடுங்கள் என்று கலியாணசுந்தரத்திடம் வந்து கேட்டார்.

நூல் என்று கேட்டால் கலியாணசுந்தரத்துக்கு வேறு என்ன தோன்றும்? தறியில் நீளவாக்கில் போடுகிற, நன்றாக முறுக்கேற்றிய பாவுப் பட்டில் நாலு இழை எடுத்துச் சேர்த்துக் கொடுத்தார். தான் கொடுத்த இழை அறுந்துவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை. அது அறுவதற்காகவே கட்டுகிற நூல் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. முதலில் வந்த பையன் நூலை நெஞ்சில் மாட்டிக்கொண்டு ஓடினான். நூலின் இரண்டு முனையையும் கையில் சுற்றிக்கொண்டு நின்ற இரண்டு பேரும் அவன் பின்னாலேயே இழுபட்டுப் போய் விழுந்தார்கள். மைதானம் முழுக்கச் சிரித்தது. "ஒரு ஆளு ஓட்றான், ரெண்டு ஆளு சவாரி," என்று யாரோ கத்தினார்கள்.

அடுத்த தடவை அவரே வந்தார். பருத்தியில் ஒற்றை இழை. தூரத்திலிருந்து தெரிய வேண்டுமென்று மிச்சமிருந்த அரக்குச் சாயத்தில் முக்கியிருந்தார். ஒரு முனையைக் கம்பத்தில் கட்டி, மறுமுனையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். எவ்வளவு விறைப்பாகப் பிடிக்க வேண்டும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். நூலைப் பிடித்துக்கொண்டு கோட்டோரம் நிற்கிறவரிடம்தானே யார் முதல் என்று கேட்பார்கள்? கேட்டார்கள். சொன்னார். சொன்னது எப்போதும் சரியாக இருந்தது. இரண்டு வருஷத்துக்குள், முதல் இடத்தைச் சொல்லும் நடுவர் அவர்தான் என்று ஆகிவிட்டது.

உமாபதி அவருக்கு விதியைச் சொல்லியிருந்தார். "நூல யார் அறுத்தாங்கறது கணக்கே இல்லண்ணே. கை நீண்டு வரும், தலை முந்தி வரும், அதெல்லாம் சேராது. கழுத்துக்குக் கீழ, இடுப்புக்கு மேல, இந்த உடம்பு எவனுது கோட்டுக்கு நேரா மொதல்ல வருதோ அவன்தான். நூலு நம்ம கண்ணுக்கு ஒரு ஒத்தாசை. அவ்வளவுதான்."

அதைக் கலியாணசுந்தரம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அறுபத்தாறில் குடியரசு தினத்தன்று நடந்த அந்த ஓட்டத்தில் ஜெயிக்கிறவன் சென்னைக்குப் போவான். மாசி மாதம் அங்கே பெரிய போட்டி. காஞ்சிபுரத்திலிருந்து நூறு மீட்டருக்கு ஒரே ஒரு பேர்தான் அனுப்பலாம். போலீஸிலிருந்தும் ரயில்வேயிலிருந்தும் ஆட்கள் வந்து உட்கார்ந்து, நன்றாக ஓடுகிறவனை வேலைக்குக் குறித்துக்கொள்வார்கள் என்று பேச்சு.

ஓட நின்ற எட்டுப் பேரில் இரண்டு பேரைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவன் குமாரசாமி. கலியாணசுந்தரத்தின் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவன், இருபது வயது, அவனும் நெசவுதான். அவரை மாமா என்று கூப்பிடுவான். இன்னொருவன் முசரவாக்கத்து அர்ஜுனன். ஏர் உழுகிற குடும்பம். செருப்பில்லாமல் ஓடுவான். அவன் ஊர் ஜனம் இரண்டு வண்டியில் வந்து மைதானத்தின் தெற்குப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. வடக்குப் பக்கம் நெசவாளர் தெரு.

விசில் ஊதியது. அறுபது மீட்டர் வரை குமாரசாமி முன்னால். எண்பதில் அர்ஜுனன் சேர்ந்துகொண்டான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே ஆள் மாதிரி வந்தார்கள். கலியாணசுந்தரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நூல் பட்டென்று அறுந்தது.

ஒரு புடவைக்கான பாவில் ஆயிரக்கணக்கான இழை. நெய்துகொண்டிருக்கும்போது அதில் ஒன்று அறுந்தால், முனை நழுவி மற்ற இழைகளுக்குள் ஓடி ஒளிந்துகொள்வதற்கு முன்னால் அதைக் கண்ணால் பிடிக்க வேண்டும், கையால் எடுக்க வேண்டும், எச்சில் தொட்டு முறுக்கி முடிபோட வேண்டும். ஒன்பது வயதில் தறிக்குழியில் கால்வைத்த நாளிலிருந்து கலியாணசுந்தரத்தின் கண் செய்துவந்த வேலை அதுதான். அவரைக் கேட்டுக்கொண்டு செய்கிற வேலையும் இல்லை. தூக்கத்தில் கொசு கடித்தால் கை போகிறதில்லையா, அதுபோல.

அவர் கோட்டோரம் நின்ற இந்த ஐந்து வருஷமும் முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் நடுவில் ஒரு முழமாவது இருந்தது. நூல் அறுவதற்கு முன்பே முடிவு தெரிந்துவிடும். அன்றைக்கு அப்படி இல்லை. நூல் அறுந்த அந்த நொடியில் அவர் கண், காற்றில் சுருண்டு பறந்த அரக்கு முனையின் பின்னால் போய்விட்டது. இடது கை அதைப் பிடிக்கக்கூட நீண்டது. அவர் நிமிர்ந்து பார்த்தபோது இரண்டு பையன்களும் கோட்டைத் தாண்டிப் பத்தடி போயிருந்தார்கள். இரண்டு பேர் நெஞ்சிலும் அரக்குக் கோடு.

"அண்ணே, மொதலு யாரு?" உமாபதி தாளும் பென்சிலுமாக வந்து நின்றார்.

தெற்குப் பக்கமும் சத்தமில்லை, வடக்குப் பக்கமும் சத்தமில்லை. கடிகாரம் பிடித்த இரண்டு பேர் தங்கள் கையைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டிலும் பதினொன்று புள்ளி நான்கு. குமாரசாமி இடுப்பில் கைவைத்துக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டே அவரைப் பார்த்தான்.

"அர்ஜுனன்," என்றார் கலியாணசுந்தரம்.

இரண்டாம் இடத்தைச் சொல்ல வேண்டியவர் கண்ணாயிரம், ரேஷன் கடையில் எடை போடுகிறவர். அவர் கொஞ்சமும் தாமதிக்கவில்லை. "அப்ப ரெண்டாவது குமாரசாமி," என்றார்.

முசரவாக்கத்து ஜனம் அர்ஜுனனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டது. வண்டி ஏறுமுன் நாலைந்து பேர் கலியாணசுந்தரத்திடம் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் டீக்கடையில், யார் என்றே தெரியாத ஒருவர் அவருக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். "சொந்தத் தெருப் பையன். கூப்பிட்டா மாமான்னு ஓடியார்ற பையன். அதையும் மீறி வெளியூர்க்காரன் பேரச் சொன்னாரு பாரு, அவரு மனுஷன்," என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

தெருவில் அவரோடு இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லை. அது அவருக்குப் பெரிதாகப்படவில்லை. மூன்றாம் நாள் குமாரசாமியே வந்தான். அவர் தறியில் உட்கார்ந்திருந்தார். அவன் சுவரோரம் குந்திக்கொண்டான்.

"மாமா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"எம்மாந் தூரத்துல தோத்தேன்?"

நாடாவை எறிய எடுத்த கை அப்படியே நின்றது. கோபித்துக்கொண்டு வந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். அவன் கோபமாக வரவில்லை. அளவு தெரிந்தால் போதும் என்று வந்திருந்தான்.

"ஒரு விரக்கடை," என்றார்.

"ஒரு விரல்தானா." குமாரசாமி தன் சுண்டுவிரலை நீட்டிப் பார்த்தான். பிறகு சிரித்தான். "அவ்ளோதானா மாமா? ஒரு விரலு நெஞ்ச முன்னால போட்டிருந்தா நானு."

"ஆமாம்பா."

"சரி. அடுத்த வருஷம் பாக்கறேன்."

அதற்கு மறுநாள் தொடங்கியது. விடியற்காலையில் நெசவாளர் தெருவில் பாவு போடுவார்கள். தெருவின் நீளத்துக்கு இழைகளை விரித்துக் கட்டி, அறுந்தது இருக்கிறதா, சிக்கல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்கும் முன்னால், தெரு காலியாக இருக்கும்போதே குமாரசாமி வந்துவிடுவான். கோலமாவால் குறுக்கே ஒரு கோடு போட்டு, இருபதடி தூரத்திலிருந்து ஓடிவந்து, கோட்டுக்கு ஒரு எட்டு இருக்கும்போது நெஞ்சை முன்னால் தூக்கிப் போடுவான். சமயம் தவறினால் குப்புற விழுவான். எழுந்து தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி ஓடுவான். ஒரு நாள் மூக்கு உடைந்து ரத்தம் வந்தது.

கலியாணசுந்தரத்தின் மனைவி காமாட்சியம்மாள் வாசல் தெளிக்க வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். "நீங்க சொன்ன அந்த ஒரு விரலுக்கு, அந்தப் புள்ள மூஞ்சியப் பேத்துக்கினு கெடக்குது," என்றாள் கணவரிடம்.

அன்றைக்கு அவர் நெய்த பட்டில் இரண்டு முழத்துக்கு ஒரு இழை இல்லாமலே போயிருந்தது. சாயங்காலம் காமாட்சியம்மாள்தான் கண்டுபிடித்தாள். இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் அப்படி ஒரு தப்பை அவள் பார்த்ததில்லை.

"ஒடம்பு இன்னா பண்ணுது உங்களுக்கு?"

"ஒண்ணியும் இல்ல."

அப்போதும் அவர் சொல்லவில்லை. அர்ஜுனனின் தாயார் பெரியநாயகி வந்த அன்றைக்குத்தான் சொன்னார்.

பெரியநாயகி டவுனுக்கு ஏதோ வேலையாக வந்தவள், தெருவை விசாரித்து, வீட்டை விசாரித்து, வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பை. பை நிறையப் பச்சை மொச்சைக்காய்.

"எங்க கொல்லியில காச்சது. வேற இன்னா எடுத்தாறதுன்னு தெரியல," என்றாள் காமாட்சியம்மாளிடம். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, தறிக்குழியிலிருந்து எழ முயன்ற கலியாணசுந்தரத்தை, "நீங்க உக்காருங்க சாமி," என்று கையமர்த்தினாள். "எம்புள்ள ஆறு வயசுலேர்ந்து ஓட்றான். எங்க போனாலும் கூட்டத்துல எவனாவது அந்தூருப் பையனாப் பாத்து மொதல்ல வந்தான்னு சொல்லிடுவான். திருமுக்கூடல்ல அப்படித்தான் பண்ணாங்க. இந்த ஒரு வாட்டி, சொந்தக்காரப் புள்ள பக்கத்துலயே வந்தும், நீங்க பாத்தத பாத்தபடி சொன்னீங்க. அவன் மெட்ராஸ் போறான்னு ஊரே சொல்லிக்கினு கெடக்குது. நீங்க நல்லா இருக்கணும்."

அவள் போன பிறகு கலியாணசுந்தரம் வெகுநேரம் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையத் தொடாத," என்றார் மனைவியிடம்.

"ஏன்?"

"நான் பாக்கல காமாட்சி. நூலு அறுந்துது. நான் நூலப் பாத்துட்டேன்."

காமாட்சியம்மாளுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளும் இழை முடிகிறவள்தான். "அப்ப இன்னாத்துக்கு அந்தப் பேரச் சொன்னீங்க?" என்றாள்.

"எல்லாரும் பாத்துக்கினு நின்னாங்க. வாயில வந்துது."

"வாயில குமாரசாமி பேரு வந்திருந்தா?"

அவர் யோசித்தார். "முழுங்கியிருப்பேன்," என்றார். "தெருக்காரனுக்குச் சொல்லிட்டான்னு பேசுவாங்களே."

"அப்ப உங்க பேரக் காப்பாத்திக்கினீங்க. அந்தப் பசங்க யாருக்கும் நியாயம் சொல்லல." அவள் இதைக் கடிந்து சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கிழைக்காகச் சுற்றிக்கொண்டிருந்த ஊடை நூலை மடியில் வைத்துக்கொண்டே சொன்னாள். "மெட்ராஸுக்குப் பேரு எழுதி அனுப்பிச்சுட்டாங்களா?"

"வர்ற வெள்ளிக்கெழமதான் அனுப்பறாங்க."

"இன்னிக்குத் திங்கள்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு உமாபதி வீட்டுக்குப் போனார்.

உமாபதி கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "அண்ணே, ரெண்டு வாரம் கழிச்சு வந்து பாக்கலன்னு சொன்னா எப்படிண்ணே? அன்னிக்கே சொல்லியிருந்தா ஒண்ணுமில்ல. நீங்க ஒருத்தர் மட்டும் நடுவர் இல்லியே. கண்ணாயிரம் இருந்தாரு."

கண்ணாயிரத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் ரேஷன் கடைக் கோதுமைத் தூசியோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கலியாணசுந்தரத்தைப் பார்த்தார்.

"இன்னா கலியாணம், உன்ன நம்பித்தான்பா நான் சொன்னேன்."

"நீங்க ரெண்டாவது யாருன்னு பாத்தீங்களா இல்லியா?" என்றார் உமாபதி.

"எங்கங்க பாக்கறது. ரெண்டும் ஒண்ணா வந்துது. மொதல்ல வந்தவன் பேர இவரு சொல்லிட்டாரு. அப்ப மிச்சம் இருக்கறவன்தான ரெண்டாவது? மூணாவதா வந்தவன் இவங்களுக்குப் பின்னால அஞ்சடி. அவன நல்லாப் பாத்தேன். அவனுக்கு வேணா நான் எங்க வேணாலும் சத்தியம் பண்றேன்."

உமாபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து போய் விதிப் புத்தகத்தை எடுத்து வந்தார். இங்கிலீஷில் இருந்ததை விரல்வைத்துப் படித்துத் தமிழில் சொன்னார். முதல் இடத்துக்கு இரண்டு பேர் சமமாக வந்தால், அவர்களை மறுபடி ஓடவைக்க முடியுமா என்று தலைமை நடுவர் பார்க்கலாம். முடியாது என்றால் இரண்டு பேரும் முதல் என்பதே முடிவு.

"ரெண்டு பேரும் மொதலுன்னா ரெண்டு பேரும் போலாமே," என்றார் கண்ணாயிரம்.

"இங்க மொதலா இருக்கலாம். அங்க ஒரு பேருதான் வாங்குவாங்க. ஓட வெச்சுத்தான் ஆகணும். குமாரசாமிக்கு நான் சொல்லிக்கறேன்." உமாபதி புத்தகத்தை மூடினார். "முசரவாக்கத்துக்கு நீங்கதான் போகணும்ணே."

கலியாணசுந்தரம் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு, மொச்சைக்காய்ப் பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போனார். பெரியநாயகி களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். ஆளைப் பார்த்ததும் சிரித்தாள். பையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

அவர் நின்றுகொண்டே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. நூலைப் பார்த்தது, கோட்டைப் பார்க்காதது, பயந்து ஒரு பேரைச் சொன்னது எல்லாம்.

"அப்ப எம்புள்ள ஜெயிக்கலயா?"

"அது தெரியாதும்மா. ஜெயிச்சும் இருக்கலாம்."

"ஜெயிச்சும் இருக்கலாம்னா? ஊர்ல எல்லாரும் மால போட்டாச்சு. அவன் மாமன் சட்டைத் துணி எடுத்துக் குடுத்தாச்சு. உங்க தெருவுல ஏதோ சொல்லியிருக்காங்க, நீங்க வந்துட்டீங்க." அவள் முறத்தைக் கீழே போட்டாள். "என் கையால குடுத்தத எங்கிட்டயே கொண்டாந்து குடுக்கறீங்களே. இதுக்கு அன்னிக்கே அந்தப் பேரச் சொல்லித் தொலச்சிருக்கலாம்."

அவள் உள்ளே போய்விட்டாள். பை களத்தின் ஓரத்தில் அப்படியே கிடந்தது.

அர்ஜுனன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வைக்கோல் போர் பக்கத்தில் நின்றிருந்தான். மெதுவாக வந்தான்.

"எனக்கும் தெரியாதுங்க," என்றான்.

"இன்னாது?"

"கடேசியில நான் கண்ண மூடிக்கினேன். எப்பவுமே மூடிக்குவேன். தெறந்தப்ப உங்க வாயிலதான் எம் பேரு வந்துது. சரி, நாம்பதான் போலன்னு நெனச்சுக்கினேன்." காலால் மண்ணைக் கிளறினான். "ராத்திரியெல்லாம் நெனச்சுப் பாப்பேன். எப்படி ஜெயிச்சோம்னு ஞாபகமே வராது."

"மறுபடி ஓட்றியாப்பா?"

"ஓட்றேன்," என்றான் அர்ஜுனன். "இந்த வாட்டியாவது பாருங்க."

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மைதானத்தில் ஓட்டம். கலியாணசுந்தரம் ஆறு மணிக்கே போய்விட்டார். நூல் எடுத்துக்கொண்டு போகவில்லை.

"நூலு இல்லாம ஒரு ஓட்டமா?" என்றார் கண்ணாயிரம்.

"நூலு இருந்தா என் கண்ணு அதும் பின்னால பூடும். எனக்குத் தெரியும்."

தெருவில் பாவு கட்டும்போது இரண்டு பக்கக் கம்பமும் நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்கள். கிட்டக் கம்பம் எட்டக் கம்பத்தை முழுதாக மறைத்தால் நேர். அதேபோல இரண்டு மூங்கிலைச் சுண்ணாம்புக் கோட்டின் இரண்டு நுனியிலும் நட்டார். ஒன்று மற்றதை மறைக்கும் இடத்தில் ஒரு முக்காலியைப் போட்டார். அதில் ஏறி நின்றால், கோடு ஒரு சுவர் மாதிரி நிமிர்ந்து தெரிந்தது. அந்தச் சுவரில் எவன் நெஞ்சு முதலில் படுகிறதோ அவன். எதிர்ப்பக்கமும் அதே மாதிரி ஒரு முக்காலி போட்டு, வேறு பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் ஒருவரை நிற்கவைத்தார்கள். அவருக்குப் பின்னால் இன்னொரு வாத்தியார். இந்தப் பக்கம் கலியாணசுந்தரத்துக்குப் பின்னால் கண்ணாயிரம்.

"ஆளுக்கொரு துண்டுத்தாளு குடுங்க," என்றார் கலியாணசுந்தரம் உமாபதியிடம். "ஓடி முடிச்சதும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம எழுதிடணும். வாயத் தெறக்கக் கூடாது. பாக்காதவன் பாக்கலன்னு எழுதணும்."

"அத என்னப் பாத்து ஏன்பா சொல்ற?" என்றார் கண்ணாயிரம்.

இரண்டு பையன்கள் மட்டும் ஓடினார்கள். தெற்கே ஒரு வண்டி ஜனம், வடக்கே தெரு ஜனம். இந்தத் தடவையும் அறுபதில் குமாரசாமி, எண்பதில் அர்ஜுனன் சேர்ந்துகொண்டான். கலியாணசுந்தரம் ஓடிவருகிறவர்களைப் பார்க்கவே இல்லை. மூங்கிலைப் பார்த்தார். காலடிச் சத்தம் மட்டும் காதில் கேட்டது. முதலில் ஒரு கை அந்தச் சுவரைத் தாண்டியது. அதை விட்டார். ஒரு தலை வந்தது, விட்டார். பிறகு ஒரு நெஞ்சு எம்பி வந்து பாய்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று, நிமிர்ந்தபடி.

அவர் பார்த்தார். தறியில் ஒற்றை இழையைப் பார்க்கிற மாதிரி அவ்வளவு தெளிவாகப் பார்த்தார்.

முதலில் பட்டது குமாரசாமியின் நெஞ்சு. கோலமாவுக் கோட்டில் விழுந்து விழுந்து பழகிய அதே பாய்ச்சல். இல்லாத ஒரு விரற்கடையைத் தான் சொல்லப்போய், அதைப் பிடிக்கவென்று அவன் கற்றுக்கொண்டது. இதை எழுதினால் தெற்குப் பக்கம் என்ன பேசும் என்பதும் தெரிந்தது. பென்சிலைப் பிடித்த கை கொஞ்ச நேரம் தாளின் மேல் நின்றது. பிறகு எழுதி மடித்துக் கொடுத்தார்.

உமாபதி நான்கு தாளையும் பிரித்தார். எதிர்ப்பக்கத்து டிரில் மாஸ்டர் குமாரசாமி என்று எழுதியிருந்தார். அவருக்குப் பின்னால் நின்ற வாத்தியார் அர்ஜுனன் என்று எழுதியிருந்தார். கண்ணாயிரத்தின் தாளில், 'சத்தியமாகத் தெரியவில்லை' என்று இருந்தது. நான்காவது தாளைப் பிரித்து உமாபதி சத்தமாகப் படித்தார்.

"முதல், குமாரசாமி."

வடக்கே கூச்சல் எழுந்தது. தெற்கே இருந்து ஒரு ஆள் துண்டை உதறிக்கொண்டு முன்னால் வந்தான். "இதுக்குத்தான்யா மறுபடி ஓடச் சொன்னது. இங்க ஒண்ணு சொல்லி நல்லவன்னு பேரு வாங்கிக்கினு, அப்பால தெருக்காரனுக்கே முடிச்சுக் குடுத்துட்டான்."

"நெசவுக்காரன் முடிச்சு, அவுக்க முடியுமா?" என்றான் இன்னொருவன்.

பெரியநாயகி வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருக்காரர்கள் இரண்டு பேர் சண்டைக்கு வேட்டியை மடித்துக் கட்டினார்கள். உமாபதி விசிலை ஊதிக்கொண்டே நடுவில் ஓடினார். கலியாணசுந்தரம் முக்காலியை விட்டு இறங்காமல் நின்றார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அர்ஜுனன் வந்தான். வியர்வை கண்ணில் வழிந்தது. துடைக்கவில்லை. முக்காலியின் முன்னால் வந்து அண்ணாந்து பார்த்தான்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நானும் இந்த வாட்டி கண்ண மூடல," என்றான் அர்ஜுனன். "பக்கவாட்டுல அவன் நெஞ்சு எம்பினது தெரிஞ்சுது. எம்மாந் தூரம்?"

கலியாணசுந்தரம் இறங்கினார். வலது கையை நீட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இடம் விட்டுப் பிடித்தார். கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. குறைத்தார். மூங்கிலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு நெல்லளவு கூட்டினார்.

"இவ்ளோ. மூணு விரக்கடைக்குக் கொஞ்சம் கம்மி. அவன் குனிஞ்சு வந்தான், நீ நிமிந்து வந்த. நீயும் குனிஞ்சிருந்தா என்னால சொல்லியிருக்க முடியாது."

அர்ஜுனன் தன் மூன்று விரலைச் சேர்த்து அந்த இடைவெளிக்குள் வைத்துப் பார்த்தான். கொஞ்சம் இடித்தது. பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அப்ப அன்னிக்கி எம்மாந் தூரம்?"

"அன்னிக்கி நான் பாக்கலப்பா," என்றார் கலியாணசுந்தரம்.

அர்ஜுனன் தலையாட்டினான். பிறகு தெற்குப் பக்கம் திரும்பி, துண்டை உதறிக்கொண்டு நின்றவனைப் பார்த்து, "மாமா, வண்டியக் கட்டு. போலாம்," என்றான்.